களம் இல்லாத ஏழு டிப்போ

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில், புதுசாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கென்று கூட்டம் நடத்துகிறார்கள். போன மாதம் அங்கிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "மேடம், ஒரே இடத்துல இருந்த மில்லு ஏழு ஊருக்குப் பரவினதைக் கூடவே இருந்து பாத்தவங்க நீங்க. தொழிலைப் பெருசாக்குறதுக்கு அஞ்சு பாயிண்ட் எழுதிக் குடுங்க, ஸ்லைடுல போட்டுருவோம்" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அஞ்சு பாயிண்டாம்! முப்பது வருஷத்துக்கு மேல் மாட்டுத் தீவன மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். யோசித்துப் பார்த்தால் என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதையும் ஒற்றை வரியில் சொன்னால் யாருக்கும் உறைக்காது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஸ்லைடில் அடங்கவில்லை என்றால் விட்டுவிடட்டும்.

என் பெயர் ஸ்டெல்லா மேரி. பிறந்தது வரதராஜன்பேட்டை. அப்பா வாத்தியார், சித்திகள் இரண்டு பேரும் டீச்சர். எங்கள் வீட்டில் பெண் பிள்ளை படித்தால் அடுத்தது பள்ளிக்கூட வேலைதான். நான் வேதியியல் முடித்துவிட்டு பி.எட். சீட்டுக்குக் காத்திருந்த வருஷம், பெரம்பலூருக்கு வெளியே ஒரு புது தீவன மில்லில் ஆய்வுக்கூடத்துக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. ஒரு வருஷம் பார்க்கலாம் என்று போனவள்தான். திருச்சியில் மூன்று மாதம் பயிற்சி; ஈரம், புரதம், நார், மணல் எல்லாம் அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எதையும் விளக்கி விளக்கிப் பேசுவேன் என்பதால் மில்லில் எல்லாரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். ஒரு நாள்கூடப் பாடம் நடத்தாமல் டீச்சராகவே ரிட்டயர் ஆனவள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மில்லைத் தொடங்கியவர் கருணாகரன். நான் சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியபடியேதான் இருப்பார். ஏன் என்று முதல் நாளே தெரிந்தது. மக்காச்சோளம் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து நின்றது. என்னை ஒரு மூட்டைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, வாயைப் பிரித்து, "கையை விடுங்க டீச்சர்" என்றார். நான் நாலு விரலை விட்டேன்.

"கை கழுவுறதுக்கா வந்தீங்க? முழங்கை வரைக்கும் விடுங்க."

விட்டேன். மேலே சாதாரணமாக இருந்த சோளம் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. சூடாக இருக்கிறது என்றேன்.

"ஈரம் இருக்குன்னு அர்த்தம். இதைக் கட்டி அடுக்கி வச்சீங்கன்னா நாலு நாள்ல பூஞ்சை புடிச்சிரும். பூஞ்சை புடிச்ச சோளத்தை மாடு தின்னா, பாலு கொறையும், சினை மாடு மாசம் நிறையாமலே கன்னு வீசிரும், ரொம்பப் போச்சுன்னா மாடே போயிரும். மீட்டர்ல பதினாலுக்கு மேல ஈரம் காட்டுனா மில்லுக்குள்ள போகக் கூடாது. மீட்டர் அப்புறம். மொதல்ல கை."

அந்தக் காலத்து வேலைமுறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பின்னால் நடந்தது எல்லாம் அதில்தான் இருக்கிறது. வண்டி வந்ததும் ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசி குத்துவோம். கூரான இரும்புக் குழாய் அது. குத்தி இழுத்தால் மூட்டையின் நடுவில் இருக்கும் சோளம் ஒரு பிடி வரும். அதை உள்ளங்கையில் கொட்டி முகர வேண்டும். இரண்டு மணியைப் பல்லில் கடிக்க வேண்டும். காய்ந்திருந்தால் டக்கென்று உடையும், ஈரமிருந்தால் பல்லுக்கடியில் அமுங்கும். பிறகு மீட்டரில் போட்டு எண்ணை எழுத வேண்டும். ஈரம் அதிகம் என்றால் வேறு எந்த வியாபாரியும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவான். கருணாகரன் அனுப்ப மாட்டார். "கொட்டுங்க, காயட்டும்" என்பார். அவ்வளவுதான்.

மில்லுக்குப் பின்னால் அரை ஏக்கருக்கு சிமெண்ட் களம் இருந்தது. மூட்டைகளை அங்கே பிரித்துக் கொட்டி, விரல் கனத்துக்குப் பரப்பி, மணிக்கொரு தரம் பலகையால் இழுத்துத் திருப்பி விடுவோம். சோளத்துக்குச் சொந்தக்காரர் அங்கேயே இருப்பார், மில்லில்தான் சாப்பாடு. ஒரு நாளோ இரண்டு நாளோ காய்ந்ததும் மறுபடி குத்தூசி, மறுபடி பல், மறுபடி மீட்டர். கருணாகரன் சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்துக்குள் ஒரு நடை நடப்பார். காய்ந்ததும் காயாததும் அவர் உள்ளங்காலுக்குத் தெரியும். ஏன் சார் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒரு நாள் கேட்டேன். அவருடைய அப்பா ஒரு தடவை பருத்தி ஏற்றிக்கொண்டு போனாராம். ஈரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "பாரம் எறங்காம வண்டி திரும்பி வந்ததை ஊரே பாத்துச்சு டீச்சர். எங்கப்பா அதுக்கப்புறம் ரொம்ப நாளு டீக்கடைப் பக்கமே போகல" என்றார்.

இந்தப் பழக்கம் பரவியது. நல்ல சோளம் முதலில் எங்களிடம் வந்தது. நல்ல சோளம் வந்ததால் தீவனம் நன்றாக இருந்தது. அரியலூர், திருமானூர் வரைக்கும் பால்காரப் பெண்கள் கடைக்காரரிடம் எங்கள் மூட்டையைப் பேர் சொல்லிக் கேட்டார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் மில் மூன்று மடங்கு ஆயிற்று. பெரம்பலூருக்கு வரும் சோளம் போதவில்லை. அப்போதுதான் ஊர் ஊராகக் கொள்முதல் டிப்போ திறப்பது என்று முடிவானது.

கருணாகரன் என்னைக் கூப்பிட்டார். "நான் ஒருத்தன் ஏழு எடத்துல நிக்க முடியாது. நம்ம எப்படி வாங்குறோமோ அதை அப்படியே எழுதுங்க. எழுதினதைப் படிச்சுட்டு எவன் வேணா செய்யணும், அந்த மாதிரி எழுதுங்க."

அட, எனக்குக் கேட்கவா வேண்டும்! இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். குத்தூசியை எந்தச் சாய்வில் குத்துவது என்பதுவரை எழுதினேன். முதல் விதியாக, கட்டம் கட்டி, "எந்த விவசாயியையும் திருப்பி அனுப்பக் கூடாது" என்று போட்டேன். இரண்டாவது விதி, "ஈரம் பதினாலுக்கு மேல் இருந்தால் லாரியில் ஏற்றக் கூடாது." கருணாகரன் படித்துவிட்டுக் கண் கலங்கினார். எங்கப்பா இருந்து பாத்திருக்கணும் என்றார். புத்தகமாக அச்சடித்தோம்; முக்கிய விதிகளைப் பலகையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, மூன்று வருஷத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்த ஏழு டிப்போ சுவரிலும் மாட்டினோம்.

டிப்போ என்றால் என்ன? ரோட்டோரம் வாடகைக்குப் பிடித்த தகர ஷெட், ஒரு எடை மேடை, ஒரு மேசை, ஒரு மீட்டர், ஒரு குத்தூசி, சுவரில் என் விதி. ஒவ்வொரு திறப்பு விழாவுக்கும் போனேன். விளக்கேற்றினேன், கேசரி சாப்பிட்டேன், விதிகளைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கைதட்டினார்கள். ஏழு இடத்தில் ஓரிடத்தில்கூடக் களம் இல்லை என்பது என் கண்ணில் படவே இல்லை. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே படவில்லை. பெரம்பலூர் மில்லில் களம் நான் வருவதற்கு முன்பே இருந்தது. தினம் ஜன்னல் வழியாகப் பார்த்த இடம். அதை ஒரு விதியாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதோடு இன்னொரு காரியமும் செய்தேன். டிப்போவிலிருந்து வரும் லாரிகள் மில் வாசலில் வரிசை கட்டி நின்றன. அங்கேயே சோதித்து அனுப்பிய சோளத்தை இங்கே இன்னொரு தரம் குத்துவானேன் என்று டிரைவர்கள் சத்தம் போட்டார்கள். டிப்போவில் சோதித்ததற்குப் பச்சைச் சீட்டு ஒட்டி வரும் லாரியை நேராக உள்ளே விடலாம் என்று கையெழுத்துப் போட்டேன். வரிசை அன்றைக்கே குறைந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

மூன்றாவது வருஷம், அறுப்பு நேரத்தில் மழை. தை மாதத்தில் இப்படி ஒரு மழையா என்று எல்லாரும் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். கதிர் நனைந்து, அடித்த சோளம் ஈரத்தோடேயே மூட்டைக்குள் போனது. அது நடந்து ஒரு மாதம் கழித்துத் திருமானூர் கடைக்காரர் போன் செய்தார். "டீச்சரம்மா, மாடுங்க தீவனத்தைத் தொட மாட்டேங்குதுன்னு நாலஞ்சு பேரு சொல்றாங்க. ஒரு வூட்டுல சினை மாடு கன்னு வீசிருச்சு, இன்னொரு மாடு செத்தே போச்சு. ஆனா அது வேற காரணமுங்கிறாங்க. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க." கருணாகரனிடம் சொன்னேன். "நீங்களே போங்க, வேற யாரையும் அனுப்பாதீங்க" என்றார். மறுநாளே கிளம்பினேன்.

செத்த மாட்டுக்குச் சொந்தக்காரி வளர்மதி. திருமானூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பது வயது இருக்கும். அம்மா அப்பா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் போன குடும்பம். இவள் மகளிர் குழுவில் சேர்ந்து, ஒரு கன்றில் ஆரம்பித்து, மூன்று கறவை மாடு வரைக்கும் வந்திருந்தாள். நான் போனபோது தொழுவத்தில் இரண்டு மாடு நின்றன. மூன்றாவது முளை காலியாக இருந்தது. புருஷன் கோவிந்தன் தென்னை மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை.

"பேச மாட்டாருங்க மேடம். பதினோரு நாளாச்சு. என் கையால சோறு வாங்க மாட்டேங்கறாரு" என்றாள் வளர்மதி.

ஊர் சொன்ன காரணம் இதுதான். வாய்க்கால் வரப்பில் யாரோ களைக்கொல்லி மருந்து அடித்திருந்தார்களாம். இவள் கவனிக்காமல் மாட்டை அங்கே மேயவிட்டாளாம். அதைத் தின்றுதான் ஒரு மாடு செத்தது, ஒன்று கன்று வீசியது. முதலில் சொன்னது கோவிந்தனின் அக்கா. செத்த மாட்டைத் தூக்கிப்போன அன்றே வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்க, "மாட்டைக் கொன்னவ கையில மாட்டைக் குடுக்கலாமா" என்று கேட்டிருக்கிறாள். கால்நடை டாக்டர் வந்து, விஷம் மாதிரிதான் தெரிகிறது, எதனால் என்று சொல்ல முடியவில்லை என்று போய்விட்டார். தெருவுக்கு அது போதுமே! மீதி இரண்டு மாட்டையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு முடிந்திருந்தது.

"நான் தினமும் அந்த வரப்புலதாங்க மேய்ப்பேன். மருந்தடிச்சிருந்தா நாத்தம் அடிக்காதுங்களா? எனக்குத் தெரியாதா?" என்றவள் காலி முளையைப் பார்த்தாள். "ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, நான்தான் பாக்காம வுட்டுட்டனோன்னு ஆயிருச்சு மேடம். தூங்கி எந்திரிச்சா அந்த நெனப்புலதான் எந்திரிக்கிறேன்."

தீவன மூட்டை எங்கே என்று கேட்டேன். மூலையில், பலகை மேல், தண்ணீர் படாமல், வாயை இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். அவ்வளவு பத்திரம். தவிடு எவ்வளவு கலப்பாய் என்று கேட்டதற்கு, "கலக்க மாட்டங்க. மத்தவங்க கலப்பாங்க. நான் உங்க தீவனத்தை மட்டுந்தான் போடுறது. அதுல எல்லாம் இருக்குன்னு கடையில சொன்னாங்க" என்றாள். மற்ற வீடுகளில் தவிடு கலந்ததால் மாட்டுக்குள் எங்கள் தீவனம் குறைவாகப் போயிருக்கிறது; அங்கே மாடு தப்பித்ததற்கும் இவள் வீட்டில் செத்ததற்கும் காரணம் அந்தப் பதிலிலேயே எனக்குக் கிடைத்துவிட்டது. மூட்டையைப் பிரித்து முழங்கை வரைக்கும் கையை விட்டேன். எடுத்து முகர்ந்தேன். மூடிக் கிடந்த பழைய அறையின் புழுங்கல் நாற்றம். பூஞ்சைதான்.

"தீவனத்துல எதாச்சும் இருக்குமுங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"அப்படியெல்லாம் இருக்காதும்மா. எதுக்கும் சாம்பிள் எடுத்துட்டுப் போறேன். சொல்ற வரைக்கும் இதைப் போடாத" என்றேன்.

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். இத்தனை வருஷ வேலையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று கேட்டால், அந்த டீயைக் குடித்ததுதான் என்று சொல்வேன். தெரிந்தே, "இருக்காது" என்று பொய் சொல்லிவிட்டு, அவள் கையால் வாங்கிக் குடித்தேன். அவள் புருஷன் வாங்காத கை அது.

மில்லுக்குத் திரும்பியதும் மூட்டையில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்து, அந்த உற்பத்தியிலிருந்து மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த பாட்டிலைத் திறந்தேன். அதே நாற்றம். சோதனையில் பூஞ்சை நஞ்சு உறுதியாயிற்று. சோளம் எங்கிருந்து வந்தது என்று சீட்டுகளைப் புரட்டினேன். பூலாம்பாடி டிப்போ. பச்சைச் சீட்டு. ஈரம் பதினாலு, பதினாலு, பதினாலு. பதினேழு லாரி மூட்டைக்கும் ஒரே எண். மழை பெய்த வாரத்தில்!

மறுநாள் காலை பூலாம்பாடியில் போய் இறங்கினேன். டிப்போ பொறுப்பாளர் செல்வராசு. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அமைதியான ஆள். இறங்கின வேகத்தில் கத்தினேன். "ஏம்ப்பா, உனக்கு மனசாட்சி இருக்கா? மழையில நனைஞ்ச சோளத்துக்குப் பதினாலுன்னு எழுதியிருக்கியே, அங்க ஒரு பொண்ணு நடுத்தெருவுல நிக்கிறா!"

செல்வராசு எழுந்தார். சுவரிலிருந்து விதிப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தார்.

"டீச்சர், மொத விதியைப் படிங்க. திருப்பி அனுப்பக் கூடாது. ரெண்டாவதைப் படிங்க. ஈரத்தோட ஏத்தக் கூடாது. அப்ப நான் அந்தச் சோளத்தை எங்க வைக்கிறது? நீங்க சொல்லுங்க."

நான் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தேன். முன்னால் ரோடு, பின்னால் அடுத்தவர் சுவர்.

"ரோட்டுல காயப் போட்டேன். பஸ்ஸுக்காரங்க சண்டைக்கு வந்தாங்க. அப்புறம் மழை வந்துருச்சு. ஷெட்டுக்குள்ள பரப்பி ஃபேனு போட்டேன். அதுக்குள்ள வெளிய இருபது வண்டி நிக்குது. ஒரு பெரியவரு, நீங்க யாரையும் திருப்பி அனுப்ப மாட்டீங்கன்னுதாம்ப்பா இவ்வளவு தூரம் வந்தேங்கறாரு. உங்களுக்கு ரெண்டு தடவ போன் பண்ணேன் டீச்சர். ரெண்டாவது தடவ எடுத்தீங்க. பின்னாடி மைக் சத்தம் கேட்டுச்சு. சோளம் ஈரமா இருக்கு, என்ன செய்யறதுன்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"புக்குல எல்லாம் இருக்கு, படிச்சுப் பாத்துச் செய்யுங்கன்னீங்க."

எனக்கு ஞாபகம் வந்தது. ஏழாவது டிப்போ திறப்பு விழா. விதிகளை வாசிக்க மேடை ஏறப் போகும் நேரம். ஷெட்டில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். செல்வராசு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பொய் எண் எழுதியது தப்புதான் என்று அவரே சொன்னார். ஆனால் இரண்டு விதியில் ஏதோ ஒன்றை மீறாமல் அந்த ஷெட்டில் ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது. எழுதியவள் நான்.

கருணாகரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மாதம்தான் இரண்டாவது மில்லுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கடைங்கள்ல இருக்குற மூட்டை எல்லாத்தையும் இன்னிக்கே திருப்பி எடுத்துரலாம். பூலாம்பாடியை மூடிரலாம். அந்தப் பொண்ணுக்கு ஒரு சினை மாடு வாங்கிக் குடுத்துரலாம், உதவி மாதிரி. காரணத்தை நாம சொல்லணுமா டீச்சர்? அதான் ஊரே ஒரு காரணம் சொல்லுதே."

நான் அந்த மனிதரிடம் அதுவரை குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன்.

"உங்கப்பா வண்டி திரும்பி வந்ததை ஊரே பாத்துச்சுன்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கீங்களே சார். அந்தப் பொண்ணை ஊரே மாட்டைக் கொன்னவங்குது. அவளே அதை நம்ப ஆரம்பிச்சிட்டா. மாடு குடுத்தா மட்டும் என்ன? அதையும் நாத்தனா வந்து ஓட்டிக்கிட்டுப் போவா. உங்களுக்குச் சொல்ல முடியலன்னா விடுங்க. எழுதினது நான், நான் போய்ச் சொல்றேன். அதுக்கப்புறம் வேலையில வச்சுக்கறதும் அனுப்பறதும் உங்க இஷ்டம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போங்க. என் பேரையும் மில்லு பேரையும் சேத்தே சொல்லுங்க. நானே வரணும். அந்த வாசல்ல வந்து நிக்க எனக்குத் தைரியம் இல்ல டீச்சர்" என்றார். இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த ஒரு நாள் அவர் வராததில் வருத்தமும் உண்டு.

பின்னால் நிறையச் செய்தோம். களம் போட இடமில்லாத டிப்போக்களை மூடினோம், களம் கட்டிய பிறகுதான் திறந்தோம். பச்சைச் சீட்டை ஒழித்தேன். லாரி வரிசை நீண்டால் நீளட்டும் என்று மில் வாசலில் மறுபடி குத்தூசி வைத்தோம். இரண்டாவது மில் ஒன்றரை வருஷம் தள்ளிப்போனது. செல்வராசுவை வேலையை விட்டு அனுப்பவில்லை. புது விதிகளை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் எழுதினேன். ஒவ்வொரு விதிக்கும், "இதை உன் ஷெட்டுல எப்படிச் செய்வ, காட்டு" என்று கேட்டு, அவர் செய்து காட்டிய பிறகுதான் பேனாவை எடுத்தேன். தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கடை திறக்கும்போது, முதல் கடையில் உங்கள் நல்ல குணத்தை எது தாங்கிப் பிடித்தது என்று போய்ப் பாருங்கள். கருணாகரனின் இரக்கத்தைத் தாங்கியது அரை ஏக்கர் சிமெண்ட் தரை. இரக்கத்தை ஏழு ஊருக்கு அனுப்பினோம், தரையை அனுப்பவில்லை. கூடவே, அங்கிருந்து ஒருவன் போன் செய்தால் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள்.

அதெல்லாம் பிற்பாடு. ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று நான் பூசைக்குப் போகவில்லை. காலையிலேயே வளர்மதி வீட்டு வாசலில் போய் இறங்கினேன். தொழுவத்தில் இரண்டு மாட்டுக்கும் புதுக் கயிறு போட்டிருந்தது. நாத்தனார் வந்திருந்தாள், உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோவிந்தன் அதே தென்னை மரத்தடியில் இருந்தார். தெருக்குழாயில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

வளர்மதி என்னை உள்ளே கூப்பிட்டாள். தொழுவத்துப் பக்கம் தனியாக நின்று, தாழ்ந்த குரலில் சொன்னேன். "வளர்மதி, உன் மாடு மருந்து தின்னு சாகல. எங்க தீவனத்தைத் தின்னுதான் செத்துச்சு. சோளத்துல பூஞ்சை. போன தடவ வந்தப்பவே எனக்குத் தெரியும். இருக்காதுன்னு பொய் சொல்லிட்டுப் போயிட்டேன். என்னை மன்னிச்சிரும்மா."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள்.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலீங்களா?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. நீ ஒழுங்காத்தான் பாத்துக்கிட்ட."

அவள் மாட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கோவிந்தனிடம்தான் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். அவரையும் தாண்டி வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"என்னை அவங்க சொன்னது இங்கதாங்க. நீங்களும் இங்கயே சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

குழாயடியில் பேச்சு நின்றது. நான் சொன்னேன். என் பேர் ஸ்டெல்லா மேரி, பெரம்பலூர் தீவன மில்லில் தரம் பார்க்கிறவள், மில்லுக்குச் சொந்தக்காரர் கருணாகரன் சொல்லச் சொல்லித்தான் வந்திருக்கிறேன், இந்த வீட்டு மாடு செத்தது எங்கள் தீவனத்தால், வரப்பில் மேய்ந்ததால் இல்லை, வளர்மதி மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். திறப்பு விழாக்களில் அவ்வளவு கணீரென்று வாசித்தவளுக்கு அன்று பாதியில் குரல் உடைந்தது. கோவிந்தன் மரத்தடியிலிருந்து எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார், அவள் அவரைப் பார்க்கவில்லை. அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட கை ஈரத்தோடு நாத்தனார் அப்போதுதான் என்ன சத்தம் என்று கேட்டபடி வெளியே வந்தாள்.

வளர்மதி என் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க மேடம். மொதல்லேருந்து."